லாபம் அவர்களுக்கு, நட்டம் நமக்கா?



முதலாளித்துவம், சமதர்மம் என்று பேசத் தொடங்கினாலே நம்மில் பலர் பக்கத்தைப் புரட்டிவிடுவார்கள். "இதெல்லாம் படித்தவர்கள் பேசும் பேச்சு. மாதக் கடைசியில் மின்சார பில், பிள்ளையின் பள்ளி பஸ் காசு, வீட்டு வாடகை. இதுதான் எங்கள் பொருளாதாரம்" என்பீர்கள். உண்மைதான். ஆனால் அந்த மாதக் கடைசிக் கணக்கு நம் பாட்டன் காலத்திலும் இடித்தது, அப்பன் காலத்திலும் இடித்தது, இன்று நமக்கும் இடிக்கிறது. நாம் சோம்பேறிகள் என்பதால் அல்ல. உழைப்பில் நம்மை யாரும் குறை சொல்ல முடியாது. பிறகு ஏன்? இந்தக் கேள்விக்குப் பதில் தேட வேண்டுமானால் அந்த இரண்டு சொற்களையும் நாம் தொட்டுத்தான் ஆக வேண்டும்.

இந்த நாட்டில் சமதர்மம் என்ற சொல்லுக்கு ஒரு பயம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. 1948இல் ஆங்கிலேயர் அவசரகாலத்தை அறிவித்தார்கள். தொழிற்சங்கங்கள் கலைக்கப்பட்டன. அகில மலாயா தொழிற்சங்க சம்மேளனத்தின் தலைவராக இருந்த நம் தமிழர் எஸ்.ஏ. கணபதி 1949 மே மாதம் புடு சிறையில் தூக்கிலிடப்பட்டார். அன்று முதல், சம்பளம் கூடக் கேட்டாலே "கம்யூனிஸ்ட்" என்று முத்திரை குத்துவது வழக்கமாகிவிட்டது. நம் பெற்றோரும் "வாயை மூடிக்கொண்டு வேலையைப் பார்" என்றே நம்மை வளர்த்தார்கள். அவர்களைக் குறை சொல்லவில்லை. அவர்கள் பார்த்தது அப்படி.

மறுபக்கம், முதலாளித்துவம் என்றால் நமக்கு நினைவுக்கு வருவது துரை, கிராணி, கங்காணி, லயத்து வீடு.

ஆகவே ஒன்றைக் கண்டு பயம், மற்றதைக் கண்டு வெறுப்பு. இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு வழி இருக்கிறது. அது கனவு அல்ல. நம் நாட்டிலேயே, நம் மக்களே ஒருமுறை நடந்து காட்டிய வழி. அதைப் பற்றித்தான் இக்கட்டுரை.

இரண்டும் கலந்தது உங்கள் வீட்டிலேயே இருக்கிறது

உங்கள் இ.பி.எஃப். கணக்கை எடுத்துப் பாருங்கள். ஊழியர் சேமநிதி 1951இல் தொடங்கப்பட்டது. மாதச் சம்பளம் 5,000 வெள்ளி வரை உள்ள மலேசியத் தொழிலாளி 11 விழுக்காடு செலுத்துகிறார். முதலாளி 13 விழுக்காடு செலுத்துகிறார். முதலாளி மனமிரங்கித் தருவதில்லை. தராவிட்டால் குற்றம், நீதிமன்றத்துக்கு வர வேண்டும் என்று சட்டம் அவரைக் கட்டாயப்படுத்துகிறது. தொழிலாளியின் முதுமைக்கு முதலாளியும் பொறுப்பு என்று சட்டம் சொல்கிறதே, இது சமதர்மம்.

அப்படிச் சேர்ந்த பணத்தை இ.பி.எஃப். என்ன செய்கிறது? பெட்டியில் பூட்டி வைப்பதில்லை. கம்பெனிப் பங்குகளிலும் கடன் பத்திரங்களிலும் கட்டடங்களிலும் முதலீடு செய்கிறது. அதில் வரும் வருமானத்தை உங்களுக்கு லாப ஈவாகத் தருகிறது. 2024ஆம் ஆண்டுக்கு 6.3 விழுக்காடு தந்தார்கள். இது முதலாளித்துவம். அதோடு, வழக்கமான சேமிப்புக் கணக்குக்கு எந்த ஆண்டும் 2.5 விழுக்காட்டுக்குக் குறையக் கூடாது என்று சட்டமே உத்தரவாதம் தருகிறது. இது மறுபடியும் சமதர்மம்.

பாருங்கள், இரண்டும் ஒரே புத்தகத்தில் அடங்கிவிட்டன. யாரும் இ.பி.எஃப்.பைக் கம்யூனிஸ்ட் என்று சொல்வதில்லை. அதனால் முதலாளிகளும் நாட்டை விட்டு ஓடிவிடவில்லை.

பாலத்தைத் தாண்டினால் சிங்கப்பூர். அதைவிடத் திறந்த சந்தை இந்த வட்டாரத்தில் இல்லை. ஆனால் அதே சிங்கப்பூரில் 1960இல் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் அமைக்கப்பட்டது. 1966இல் நிலம் கையகப்படுத்தும் சட்டம் வந்தது. நிலத்தின் பெரும் பகுதி அரசின் கையில் இருக்கிறது. குடியிருப்பாளர்களில் பத்தில் ஏறக்குறைய எட்டுப் பேர் கழக வீடுகளில் வாழ்கிறார்கள். பெரும்பாலோர் 99 ஆண்டுக் குத்தகையில் அவ்வீட்டுக்குச் சொந்தக்காரர்கள். அங்கே குறைகள் இல்லை என்று சொல்லவில்லை. வணிகத்தைச் சந்தைக்கு விட்டு, வீட்டை மட்டும் சந்தையின் தயவுக்கு விடாமல் வைக்க முடியும் என்பதற்கு அது சாட்சி.

ஜெர்மனியில் 1976இல் ஒரு சட்டம் கொண்டு வந்தார்கள். 2,000 பேருக்கு மேல் வேலை செய்யும் கம்பெனிகளில், நிர்வாகத்தை மேற்பார்வை செய்யும் குழுவில் பாதி இடம் தொழிலாளர் பிரதிநிதிகளுக்கு. உலகச் சந்தையில் கார் விற்கும் நாடுதான் அதுவும்.

சந்தையை மட்டும் நம்பியபோது என்ன நடந்தது?

இப்போது நம் கதைக்கு வருவோம்.

ரப்பர் தோட்டங்களின் காலத்தில் வெள்ளைக்காரக் கம்பெனிகள் முதல் போட்டன. நம் மக்கள் உழைப்பைப் போட்டார்கள். ரப்பர் விலை ஏறினால் லாபம் லண்டனுக்குப் போனது. விலை இறங்கினால் தோட்டத்தில் ஆள் குறைப்பு, சம்பளக் குறைப்பு. மழை பெய்தால் பால் வெட்டு இல்லை. பால் வெட்டு இல்லையென்றால் அன்றைய கூலி இல்லை. வணிகத்தில் ஆபத்தைச் சுமப்பவனுக்குத்தான் லாபம் என்பது முதலாளித்துவத்தின் பாடம். நம் மக்கள் ஆபத்தைச் சுமந்தார்கள், ஆனால் லாபம் வரவில்லை. நட்டத்தில் மட்டும் பங்குதாரர்கள்!

1950களில், நாடு சுதந்திரம் பெறும் நேரத்தில், வெள்ளைக்காரர்கள் தோட்டங்களை விற்கத் தொடங்கினார்கள். வாங்கிய வணிகர்கள் அவற்றைத் துண்டு துண்டாக வெட்டி விற்றார்கள். இதுதான் "தோட்டத் துண்டாடல்". பேராசிரியர் உங்கு அஸிஸ் தலைமையில் இது பற்றி ஓர் ஆய்வே நடத்தப்பட்டது. தோட்டம் துண்டானபோது வேலை போனது. வேலை போனபோது வீடு போனது. வீடு போனபோது தமிழ்ப்பள்ளியும் கோயிலும் கேட்பாரற்றுப் போயின. சந்தைக் கணக்கில் அது நிலம் கைமாறிய ஒரு பரிவர்த்தனை, அவ்வளவுதான். அங்கே பிறந்து வளர்ந்த குடும்பங்கள் அந்தக் கணக்கில் எந்த வரியிலும் இல்லை.

அரசை மட்டும் நம்பியபோது?

"அப்படியானால் எல்லாவற்றையும் அரசாங்கமே எடுத்துக்கொள்ளட்டும்" என்று சிலர் சொல்வார்கள். அதையும் நாம் பார்த்துவிட்டோம்.

1981 செப்டம்பர் 7ஆம் நாள் லண்டன் பங்குச் சந்தையில் சில மணி நேரத்துக்குள் கத்ரி நிறுவனத்தின் பங்குகளை வாங்கி, அதன் கட்டுப்பாட்டைப் பி.என்.பி. எனப்படும் தேசிய முதலீட்டுக் கழகம் கைப்பற்றியது. நூறு ஆண்டுகளுக்கும் மேல் வெள்ளைக்காரன் கையில் இருந்த கம்பெனி மலேசியாவின் கைக்கு வந்தது. நாடே பெருமைப்பட்டது. பெருமைப்பட வேண்டிய செய்திதான்.

ஆனால் தோட்டத்தில் என்ன மாறியது? கொடி மாறியது. துரையின் தோல் நிறம் மாறியது. லயத்து வீடு மாறவில்லை. வேலை இருக்கும்வரைதான் வீடு என்ற விதி மாறவில்லை. பிறகு தோட்டங்கள் நகரங்களாயின. சீஃபீல்ட் தோட்டத்தில் சுபாங் ஜெயா எழுந்தது. பெராங் புசார், செஜ்லி, கலோவே, மடிங்லி தோட்டங்கள் இருந்த இடத்தில் இன்று நாட்டின் நிர்வாகத் தலைநகரம் புத்ராஜெயா நிற்கிறது. அந்தத் தோட்டத்து மக்கள் டிங்கிலில் அடுக்குமாடி வீடுகளுக்குப் போனார்கள்.

1971இல் வந்த புதிய பொருளாதாரக் கொள்கையையும் எண்ணிப் பாருங்கள். அதன் முதல் நோக்கம், இன வேறுபாடின்றி வறுமையை ஒழிப்பது. நல்ல நோக்கம். ஆனால் அரசின் சொந்தக் கணக்குப்படியே, கம்பெனிப் பங்குடைமையில் இந்தியர்களின் பங்கு 1970இல் 1.1 விழுக்காடு, 2004இல் 1.2 விழுக்காடு. முப்பத்து நான்கு ஆண்டுகளில் நாம் ஏறிய படி, ஒரு விழுக்காட்டில் பத்தில் ஒரு பங்கு!

இதிலிருந்து ஒரு பாடம் தெளிவாகிறது. தனியார் கையில் இருந்தாலும் சரி, அரசின் கையில் இருந்தாலும் சரி, உழைப்பவனுக்கு உடைமை இல்லையென்றால் அவன் நிலை ஒன்றுதான். அரசுடைமை வேறு, தொழிலாளர் உடைமை வேறு. இதை நம்மில் பலர் குழப்பிக்கொள்கிறோம்.

நம் மக்கள் காட்டிய மூன்றாவது வழி

தோட்டத் துண்டாடல் உச்சத்தில் இருந்தபோது, துன் வீ.தி. சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தோட்டம் தோட்டமாகப் போய் மக்களிடம் மாதம் பத்து வெள்ளி கேட்டார்கள். நாள் கூலி வாங்கும் ஒருவருக்கு அந்தக் காலத்தில் பத்து வெள்ளி என்றால் சாதாரணமா? இருந்தும் கொடுத்தார்கள். அடுத்த ஆண்டே, 1961இல், கெடாவில் புக்கிட் சிடிம் தோட்டத்தைச் சங்கம் வாங்கியது. தொடர்ந்து மற்றத் தோட்டங்களும் வந்தன.

இது எப்படிப்பட்ட ஏற்பாடு என்று சற்று நின்று கவனியுங்கள். தோட்டத்தைச் சந்தை விலை கொடுத்து வாங்கினார்கள், யாரிடமும் பிடுங்கவில்லை. ரப்பரைச் சந்தையில் விற்றார்கள். லாபம் பார்த்தார்கள். இதுவரை இது முதலாளித்துவம். ஆனால் முதலாளி யார்? பால் மரம் சீவும் தொழிலாளி. கம்பெனியில் ஒரு பங்குக்கு ஒரு ஓட்டு. பங்கு அதிகம் வைத்திருப்பவன் சொல்வதுதான் சட்டம். கூட்டுறவில் ஓர் ஆளுக்கு ஓர் ஓட்டு. நூறு வெள்ளி போட்டவருக்கும் பத்தாயிரம் போட்டவருக்கும் ஒரே மரியாதை. பங்குச் சந்தையில் யாரோ ஒரு பணக்காரர் காலையில் வந்து பங்குகளை வளைத்துப் பிடித்துக் கூட்டுறவைக் கைப்பற்ற முடியாது. இது சமதர்மம்.

நாம் கேட்கும் கலப்பு இதுதான். பொருளை உற்பத்தி செய்வதும் விற்பதும் சந்தையின் வேலை. உடைமை உழைப்பவனின் உரிமை. யாரும் விழுந்து சாகாமல் ஓர் அடித்தளத்தைப் போட்டு வைப்பது சட்டத்தின் கடமை.

ஃபெல்டா சொல்லும் இரண்டு பாடங்கள்

இதே கலப்பை அரசாங்கம் பெரிய அளவில் செய்து காட்டியது. 1956இல் தொடங்கப்பட்ட ஃபெல்டா, நிலமற்ற கிராமத்து ஏழைகளைக் குடியேற்றியது. குடும்பத்துக்கு ஏறக்குறைய பத்து ஏக்கர் நிலம், குடியிருக்க வீடு. அரசு நிலமும் கடனும் தந்தது, மக்கள் உழைத்தார்கள், செம்பனையும் ரப்பரும் சந்தைக்குப் போயின, கடன் தீர்ந்ததும் நிலம் அவர்கள் பெயருக்கு வந்தது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட குடும்பங்கள் இப்படி நிலம் பெற்றன. அவர்களில் மிகப் பெரும்பாலோர் மலாய்க்காரர்கள். நம்மவர் மிகச் சிலரே.

அந்த நிலத்தில் ஓர் அங்குலம்கூட நாம் கேட்கவில்லை. ஏழை மலாய்க் குடும்பம் நிலம் பெற்றது நமக்கு மகிழ்ச்சி. நாம் கேட்பது வேறு. அதே நாட்டில், அதே காலத்தில், அதே செம்பனையில் உழைத்த தோட்டத் தொழிலாளிக்கு ஏன் ஒரு வீட்டு மனைகூட இல்லை? முதல் பாடம் இது: இந்த வழி பலன் தரும், அதற்கு வெளியே நிறுத்தப்பட்டவர்கள்தான் பின்தங்கினார்கள்.

இரண்டாவது பாடம் எச்சரிக்கை. 2012 ஜூன் மாதம் ஃபெல்டாவின் வணிகப் பிரிவு பங்குச் சந்தைக்குப் போனது. பங்கு விலை 4 வெள்ளி 55 காசு. அவ்வாண்டு உலகிலேயே மிகப் பெரிய பங்கு வெளியீடுகளில் அதுவும் ஒன்று. குடியேற்றக்காரர்களின் குடும்பங்களுக்கு 15,000 வெள்ளி கிடைத்தது. ஆனால் பிறகு விலை சரிந்தது. 2020 டிசம்பரில் அதே பங்குகளைத் திரும்ப வாங்க ஃபெல்டா முன்வைத்த விலை 1 வெள்ளி 30 காசு. மக்கள் உடைமையைச் சூதாட்ட மேசையில் வைத்தால் இதுதான் நடக்கும்.

"கூட்டாகச் சேர்ந்தால் ஏமாற்றுவார்கள்" என்பவர்களுக்கு

உங்கள் மனதில் எழும் கேள்வி எனக்குத் தெரிகிறது. "பணம் போட்டோம், என்ன கிடைத்தது?"

நியாயமான கேள்வி. 1982இல் மைக்கா ஹோல்டிங்ஸ் தொடங்கப்பட்டபோது ஏறக்குறைய 66,000 பேர் பத்துக் கோடி வெள்ளிக்கு மேல் போட்டார்கள். நகையை அடகு வைத்துப் போட்டவர்களும் உண்டு. 2010இல் பங்குகளை வாங்க முன்வந்தவர் கொடுத்த விலை ஒரு பங்குக்கு 80 காசு. இருபத்தெட்டு ஆண்டு காத்திருந்து, போட்ட வெள்ளிக்கு எண்பது காசு! மற்ற இனத்தவருக்கும் இந்த அனுபவம் உண்டு. 1986இல் வைப்புத்தொகை வாங்கிய 24 கூட்டுறவுச் சங்கங்கள் முடக்கப்பட்டன. அங்கே பணம் போட்டுத் தவித்தவர்களில் பெரும்பாலோர் சீனக் குடும்பத்தினர்.

ஆகவே கூட்டுறவு என்ற பெயர்ப் பலகை மட்டும் நம்மைக் காப்பாற்றாது. முதலாளித்துவத்தில் ஒரு நல்ல பழக்கம் உண்டு: கணக்குக் கேட்பது. சமதர்மத்தில் ஒரு நல்ல கொள்கை உண்டு: எல்லாரும் சமம். நம் சமுதாயம் பல இடங்களில் இரண்டையும் விட்டுவிட்டு, தலைவரின் முகத்தைப் பார்த்துப் பணத்தைக் கொடுத்தது. மாலை போடத் தெரிந்த நமக்கு, ஆண்டுக் கூட்டத்தில் எழுந்து நின்று "இந்தச் செலவு எதற்கு?" என்று கேட்கத் தயக்கம். இந்தத் தயக்கம் போகாதவரை எந்தப் பொருளாதாரக் கொள்கையும் நம்மை உயர்த்தாது.

சட்டம் இப்போதே என்ன தருகிறது?

ஒரு வழக்கறிஞராக ஒரு கணக்கை உங்கள் முன் வைக்கிறேன்.

ஒரு தோட்டம் மூடப்படுகிறது. அங்கே 30 ஆண்டு வேலை செய்த ஒருவர், ஓய்வு வயதுக்கு முன்பே, வேலை இழக்கிறார். 1980ஆம் ஆண்டு விதிமுறைகளின்படி, ஐந்தாண்டுக்கு மேல் வேலை செய்தவருக்கு ஆண்டுக்கு 20 நாள் சம்பளம் இழப்பீடு. முப்பது ஆண்டுக்கு 600 நாள். அவர் சம்பளம் குறைந்தபட்சச் சம்பளமான 1,700 வெள்ளி என்று வைத்துக்கொண்டால், நாளுக்கு ஏறக்குறைய 56 வெள்ளி. மொத்தம் 33,500 வெள்ளி சொச்சம். ஒரு வாழ்நாள் உழைப்புக்கு!

1998இல் மலிவு விலை வீட்டுக்கு அரசு நிர்ணயித்த உச்ச விலையே 42,000 வெள்ளி. அன்றைய மலிவு வீட்டைக்கூட இன்றைய இழப்பீட்டில் வாங்க முடியாது. 1990ஆம் ஆண்டு தொழிலாளர் வீட்டு வசதிச் சட்டம், தோட்டத்தில் வீடு எப்படி இருக்க வேண்டும், தண்ணீர் மின்சாரம் வேண்டும் என்று சொல்கிறது. ஆனால் அந்த வீடு தொழிலாளிக்குச் சொந்தமாக வேண்டும் என்று சொல்லவில்லை.

இதே தோட்டத்து நிலத்துக்கு என்ன ஆகிறது? விவசாய நிலம் என்ற வகையிலிருந்து கட்டட நிலம் என்ற வகைக்கு மாற்றக் கேட்டு கம்பெனி மனுப் போடுகிறது. மாநில அரசு கையெழுத்துப் போட்ட மறுகணம் நிலத்தின் மதிப்பு பல மடங்கு ஏறுகிறது. அந்த ஏற்றத்துக்காகக் கம்பெனி ஒரு மரம்கூடக் கூடுதலாக நடவில்லை. அது மாநில அரசின், அதாவது மக்களின், கையெழுத்து உண்டாக்கிய மதிப்பு. அதில் அங்கே மூன்று தலைமுறை உழைத்த குடும்பங்களுக்குப் பங்கு இல்லை என்பது எந்த ஊர் நியாயம்?

நாம் கேட்க வேண்டியவை

வெறும் குமுறலால் பயனில்லை. கேட்பதைத் தெளிவாகக் கேட்போம்.

முதலாவது, வீட்டு மனை. தேசிய நிலச் சட்டத்தின் 124ஆவது பிரிவின்படி, நில வகையை மாற்ற அனுமதிக்கும்போது மாநில அரசு நிபந்தனைகள் விதிக்கலாம். தோட்டத் தொழிலாளர் குடும்பங்களுக்கு அதே இடத்தில் சொந்த வீடு கட்டித் தர வேண்டும், பள்ளிக்கும் கோயிலுக்கும் நிலம் ஒதுக்க வேண்டும் என்பதை ஒவ்வோர் அனுமதியிலும் கட்டாய நிபந்தனையாக்க வேண்டும். புதிய சட்டம் தேவையில்லை. மனம் இருந்தால் போதும். அதற்கும் கம்பெனி மசியவில்லையா? 1960ஆம் ஆண்டு நிலம் கையகப்படுத்தும் சட்டம் 1991இல் திருத்தப்பட்டது. பொருளாதார வளர்ச்சிக்குப் பயன்படும் என்று மாநில அரசு கருதினால், தனியார் கம்பெனிக்காகக்கூட நிலத்தை எடுக்கலாம். பொதுமக்களில் ஒரு பிரிவினருக்குப் பயன்படும் என்றாலும் எடுக்கலாம் என்று அதே பிரிவு சொல்கிறது. கம்பெனிக்காக ஏழையின் நிலத்தை எடுக்க முடிந்த சட்டத்துக்கு, ஏழைக்காகக் கம்பெனியின் நிலத்தில் சில ஏக்கரை எடுக்க முடியாதா? அரசியலமைப்பின் 13ஆவது விதிப்படி போதிய இழப்பீடு கொடுத்துத்தான் எடுக்கச் சொல்கிறோம். பறிக்கச் சொல்லவில்லை.

இரண்டாவது, மூலதனம். இந்தியச் சமுதாய உருமாற்றத்துக்கென மித்ரா வழியாகப் பல ஆண்டுகளாக ஆண்டுக்கு 100 மில்லியன் வெள்ளி ஒதுக்கப்பட்டு வருகிறது. அதில் ஒரு பகுதி ஆண்டுதோறும் செலவழிந்து மறைந்து போகாமல், நிலமாகவும் கடைவீடாகவும் சிறு தொழிற்கூடமாகவும் மாறி, உறுப்பினர்களுக்குச் சொந்தமான கூட்டுறவின் பெயரில் நிற்க வேண்டும். பயிற்சிக்குக் கொடுத்த காசு பயிற்சி முடிந்ததும் முடிந்தது. நிலத்தில் போட்ட காசு பிள்ளைக்கும் இருக்கும், பேரனுக்கும் இருக்கும்.

மூன்றாவது, சம்பளம். குறைந்தபட்சச் சம்பளம் 2013இல் தீபகற்பத்தில் 900 வெள்ளியாகத் தொடங்கியது. அன்று "தொழில்கள் எல்லாம் மூடப்படும்" என்று முதலாளிகள் அலறினார்கள். 2025இல் அது 1,700 வெள்ளியாகிவிட்டது. நாடு மூழ்கிவிடவில்லை. இது வெளிநாட்டுத் தொழிலாளிக்கும் பொருந்த வேண்டும் என்பதில் நாம் உறுதியாக இருக்க வேண்டும். வங்காளதேசத்துக்காரனை மலிவாக வாங்க முடியும் என்றால் உங்கள் மகனை எவன் நல்ல சம்பளத்துக்கு எடுப்பான்? அவனுடைய உரிமையைக் காப்பது நம் பிழைப்பைக் காப்பதே. நம் பிள்ளைகளில் பலர் இன்று மோட்டார் சைக்கிளில் உணவு விநியோகிக்கிறார்கள். "நீ தொழிலாளி அல்ல, சொந்தத் தொழில் செய்பவன்" என்று சொல்லி இ.பி.எஃப்., சொக்சோ இல்லாமல் ஓட வைத்தார்கள். பழைய நாள் கூலிதான் புது உடையில்! இவர்களுக்காக 2025இல் நாடாளுமன்றம் கிக் தொழிலாளர் சட்டத்தை நிறைவேற்றியது. அது ஏட்டில் உறங்காமல் பார்த்துக்கொள்வது நம் வேலை.

நான்காவது, தேவையே அளவுகோல். உதவி என்பது ஏழ்மையைப் பார்த்து வர வேண்டும்; தோலைப் பார்த்து அல்ல. 153ஆவது விதியை நாம் தொடவில்லை. வறுமை ஒழிப்பு இன வேறுபாடின்றி என்று 1971இலேயே எழுதி வைத்ததைத்தான் நிறைவேற்றச் சொல்கிறோம்.

நீங்கள் என்ன செய்யலாம்?

"நான் ஒரு சாதாரண ஆள், என்னால் என்ன ஆகும்?" என்று கேட்காதீர்கள். 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் வேலை நிறுத்தம் செய்தவர்களும் சாதாரண ஆட்கள்தான். துரையைக் கண்டால் சைக்கிளிலிருந்து இறங்க மாட்டோம் என்பதும் அவர்கள் கோரிக்கைகளில் ஒன்று. சம்பளத்தோடு மானத்தையும் கேட்டார்கள்.

முதலில், உங்கள் இ.பி.எஃப். கணக்கைப் பாருங்கள். முதலாளி மாதாமாதம் கட்டுகிறாரா? கட்டவில்லையென்றால் புகார் கொடுங்கள். அது உங்கள் சம்பளம்.

நீங்களோ உங்கள் பெற்றோரோ ஏதாவது கூட்டுறவுச் சங்கத்தில் உறுப்பினரா? பெட்டியில் கிடக்கும் பழைய பங்குப் பத்திரத்தைத் தேடி எடுங்கள். பெற்றோர் காலமாகியிருந்தால் வாரிசுப் பெயர் மாற்றுங்கள். ஆண்டுக் கூட்டத்துக்குப் போங்கள். கணக்கறிக்கையைத் தமிழிலும் கேளுங்கள். ஓர் ஆளுக்கு ஓர் ஓட்டு என்ற உரிமை, நீங்கள் கூட்டத்துக்குப் போனால்தான் உயிர் பெறும்.

உங்கள் சட்டமன்ற உறுப்பினரைப் பாருங்கள். நிலம் மாநிலத்தின் அதிகாரம். ஆகவே கேள்வி அவரிடம்தான் கேட்க வேண்டும். "இந்தத் தொகுதியில் எந்தத் தோட்டம் நில வகை மாற்றத்துக்கு விண்ணப்பித்திருக்கிறது? அங்குள்ள குடும்பங்களுக்கு என்ன நிபந்தனை விதித்தீர்கள்?" இந்த இரண்டு கேள்விகளை எழுத்து வடிவில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்குங்கள். தேர்தல் காலத்தில் அரிசி மூட்டையோடு வருபவரிடமும் இதையே கேளுங்கள்.

சந்தை நமக்கு எதிரி அல்ல. பசார் மாலாமில் கடை போடும் நம் பெண்களைவிடச் சந்தையை நன்றாக அறிந்தவர் யார்? அரசும் எதிரி அல்ல. அது நம் வரிப் பணத்தில், நம் ஓட்டில் நிற்கிறது. இரண்டிலும் நமக்கு ஓர் இருக்கை வேண்டும் என்கிறோம். அந்த இருக்கைக்குப் பெயர் உடைமை.

மாதம் பத்து வெள்ளி கொடுத்துத் தோட்டம் வாங்கிய மக்களின் பிள்ளைகள் நாம். அவர்களுக்குப் படிப்பு இல்லை, கைப்பேசி இல்லை, சட்டம் தெரியாது. இருந்தும் செய்தார்கள். நமக்கு இவையெல்லாம் இருக்கின்றன.

சிந்திப்பீர்! கேட்பீர்! ஒன்றுபடுவீர்!